போணி அக்கா

ஆப்பில் பணம் கட்டும் வசதியைச் சேர்த்து முடித்ததும் எல்லா இன்ஜினியர்களும் ஒன்றைத்தான் செய்வார்கள். ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பார்கள். அது போய்ச் சேர்ந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அக்கா ஒரு ரூபாய் போட்டு நான் பார்த்ததே இல்லை. எந்தக் கடையின் ஆப்போ அந்தக் கடையில் நிஜமாகவே ஒரு பொருளை, தன் சொந்தக் கார்டில், தன் வீட்டு விலாசம் கொடுத்து வாங்குவார்.

“ஒத்த ரூவா போட்டுப் பாக்கறது வெறும் சோதனை, சாமி. அது போணி ஆகாது. ஒருத்தர் கடை தொறந்தா மொதல்ல ஒரு சாமானம் வாங்கோணும்” என்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் வரும், அப்புறம் என் காது என்னுடையதாக இருக்காது. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் போணி அக்கா.

எங்கள் ஆபீஸ் திருச்செங்கோட்டில், போர்வெல் வண்டிக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பைத் தட்டுகிற சத்தத்தில் நாங்கள் மேலே கத்திக் கத்திப் பேசுவோம். சுற்றுவட்டார வியாபாரிகளுக்கு ஆப் செய்து கொடுப்பது தொழில். முதலாளியை ‘சார்’ என்போம். நாலைந்து இன்ஜினியர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. வாங்குகிறவரிடம் பணத்தை வாங்கி விற்கிறவரிடம் பத்திரமாகச் சேர்க்கிற பேமென்ட் கேட்வே என்ற சமாச்சாரம் முழுக்க அக்காவின் பொறுப்பு. அதில் மட்டும் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார்.

துண்டு, நெய், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, முட்டை என்று இந்தப் பக்கத்தில் என்னென்ன விற்குமோ அத்தனையும் அக்கா வீட்டுக்கு முதல் பார்சலாகப் போயிருக்கிறது. கோழித் தீவனம் விற்கும் ஆப்புக்கு ஒரு மூட்டைத் தீவனம் வாங்கினார். அவர் வீட்டில் கோழியே கிடையாது. லாரி உதிரிபாக ஆப்பில் எதை வாங்குவது என்று வெகுநேரம் தேடி, சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, அந்த ரப்பர் மட்டையில் ஒரு ஜோடி வாங்கினார். அது அவர் வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடந்தது. ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருக்கும். அதை மிதித்துத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும்.

அவர் வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். மழை நாளில் அக்காவைக் கூட்டிப்போக வருவார். மாடிப்படியில் நின்றபடியே என்னை வம்புக்கு இழுப்பார்.

“அம்மிணி, உங்க அக்காகிட்ட போர் போடற ரிக் வண்டி விக்கற ஆப்ப மட்டும் குடுத்தராதீங்க. போணி பண்றன்னு ஒரு வண்டிய வாங்கிப்போடுவா. அப்பறம் நான் குடியிருக்கற ஊட்ட விக்கோணும்.”

“வித்தா வில்லுங்க. அதுக்கும் ஒரு ஆப்பு பண்ணித் தாரேன். போணியும் நானே பண்றேன்” என்பார் அக்கா, பையை எடுத்துக்கொண்டே. அவர் சிரிப்பது கீழே கடை வரைக்கும் கேட்கும்.

பணம் போகாமல் நின்றுவிட்டால் திரையில் வருகிற வாசகத்தைக்கூட அக்காதான் எழுதுவார். மற்ற ஆப்களில் ‘பரிவர்த்தனை தோல்வி’ என்று வருகிறதே, அதைக் கண்டால் அவருக்கு ஆகாது. “தோல்வியாமா. பரிச்சையா எழுதறாங்க?” என்பார். எங்கள் ஆப்களில் எல்லாம் ‘பணம் போகலைங்க. உங்க காசு உங்ககிட்டயே இருக்குதுங்க. இன்னொருக்கா பாருங்க’ என்று வரும். சென்னையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மாற்றவே இல்லை. காசு போச்சோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவருக்கு முதலில் அதைத்தானே சொல்ல வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கைராசி என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவர் குமாரபாளையத்துத் துண்டு வியாபாரி. எங்கள் ஆபீஸுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அவருடைய ஆப். அக்கா இரண்டு குளியல் துண்டு வாங்கித் தொடங்கி வைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே கோயம்புத்தூரில் ஏதோ ஒரு ஹாஸ்டலிலிருந்து கட்டுக்கட்டாக ஆர்டர் வந்தது. அவ்வளவுதான். மனிதர் போகிற வருகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். “ஏனுங்க, அந்தப் புள்ளை கைய வெச்சாப் போதுமுங்க. ராசியான கை.”

அதிலிருந்து எந்த வியாபாரி வந்தாலும் ஆப் எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன்னால் போணிக்கு அக்கா வருவாரா என்றுதான் கேட்பார். காலண்டரைப் பார்த்து நல்ல நேரம் குறிப்பார்கள். கல்யாணச் சீர்களைச் செய்துவைக்கிற பெரியவரான அருமைக்காரரைத் தேடிப்போய் அழைப்பது போல நேரில் வந்து அழைப்பார்கள். “கைராசியாவது ஒண்ணாவது, நாலு பேருக்கு விளம்பரம் போனா வாங்குவாங்க” என்று அக்கா அலட்சியமாகச் சொல்வார். சொல்லிவிட்டு அன்றைக்கு மட்டும் நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவார். கார்டை எடுக்கும் முன்னால் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால், “கை பிசுபிசுன்னு இருக்குது” என்பார்.

எனக்கு இந்தக் கைராசியில் எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தான் முதலில் வாங்கிய கடை நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்தத்தில் ஒரு குழந்தை பாஸான மாதிரி இருப்பார். அதைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது என்று சும்மா இருந்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் புக்கிங் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் வீட்டுக்காரர் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் போனபோது வாசலில் அந்த ரப்பர் மட்டையைக் காணோம், யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்டிருந்தார்கள். துண்டு வியாபாரி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என் கோபத்தில் மறந்துபோகும்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அக்கா வேலைக்கு வந்தார். எட்டாவது படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியுமா? நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி. கம்ப்யூட்டரைத் திறந்து, பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

பாதியில் நின்ற அந்த வேலை துண்டு வியாபாரியின் புது ஆப். இந்த முறை துண்டு இல்லை, முகூர்த்தப் புடவை. மகனுக்குக் கல்யாணம் ஆன கையோடு அந்தக் கடையைத் தொடங்கினார். வேலையை ஒப்படைத்த நாளிலேயே, “போணிக்கு அக்காதானுங்க. வேற பேச்சே இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவும் எந்தப் புடவையை வாங்குவது என்று படங்களைப் பார்த்துத் தேர்ந்து வைத்திருந்தார். அரக்கு நிறம். வீட்டுக்காரருக்கு அந்த நிறம் பிடிக்கும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதெல்லாம் அவர் இருந்தபோது பேசியது. இப்போது அந்த முதல் புடவையை யார் வாங்குவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திறப்புக்குச் சில நாள் இருக்கும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“குமாரபாளையத்துல இருந்து பேசினாரும்மா. கலியாணப் பொடவை, தப்பா நெனைச்சுக்காதீங்க, எம் மருமகள உட்டுப் போணி பண்ணிக்கறேங்கறார். அக்காகிட்ட நீ பக்குவமாச் சொல்லீரு.”

பக்குவமாக! இதை எந்தப் பக்குவத்தில் சொல்வது? “ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது அவங்க. செய்யலாம், கார்டை மட்டும் எடுக்கக் கூடாதா சார்?” என்று கேட்டேன். நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “போணிக்கு மருமகப் புள்ளை வருதா?”

“உங்களுக்கு ஆருக்கா சொன்னாங்க?”

“ஆராச்சும் சொல்லோணுமா? கலியாணப் பொடவை. அவரு எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்.”

“நீங்க நெனைக்க மாட்டீங்கக்கா.”

“நெனப்பேன், சாமி” என்றார்.

அந்த வியாபாரி சொன்னதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் கோபப்படலாம், சார் மேல் கோபப்படலாம். அக்காவே அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதற்கப்புறம் நாங்கள் செய்த காரியத்தை வேறு ஊர் இன்ஜினியரிடம் சொன்னால் நம்ப மாட்டார். ஆப் செய்து பார்க்கும் காலத்தில் கேட்வேக்காரர்கள் பொய்யான கார்டு எண்களைக் கொடுப்பார்கள். எத்தனை லட்சம் போட்டாலும் ஒரு பைசா நகராது. கடை திறக்கும்போது அதையெல்லாம் மாற்றி, உண்மையான பணம் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதை ‘லைவ்’ என்போம். மாற்றியது எல்லாம் சரியாக மாறியிருக்கிறதா என்று நிஜப் பணம் போட்டுத்தான் பார்க்க முடியும். இத்தனை நாளும் அக்கா வாங்கிய முதல் பொருளே எங்களுக்கு அந்தப் பரிசோதனையாகவும் இருந்தது. ஏதாவது இடறினால் அவர் கையோடு சரிசெய்துவிடுவார், வியாபாரிக்குத் தெரியவே தெரியாது.

“திறக்கறதுக்கு முன்னாடி நாம ஒரு ரூபா போட்டுப் பாத்துரலாங்க்கா” என்றேன்.

“வேண்டாம். லைவ்ல ஆரு போட்டாலும் அதுதான் மொதக் காசு. அந்தப் புள்ளைக்குன்னு வெச்சிருக்கறாங்க.”

“ஒத்த ரூவா போணி ஆகாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“அது அப்ப” என்றார்.

சாரும் வேண்டாம் என்றுவிட்டார். நிஜப் பணம் போட்டு ஒரு தரம்கூடப் பார்க்காமல், நல்ல நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு குமாரபாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கடை நிறையச் சொந்தக்காரர்கள். குத்துவிளக்கு, சந்தனம், தட்டு நிறைய இனிப்பு. அக்கா சுவரோரமாக ஒரு ஸ்டூலில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் சின்னப் பெண். மாமனார் கொடுத்த போனை வாங்கி, ஒரு சிவப்புப் புடவையைத் தேர்ந்து, எல்லோரும் பார்க்கப் பணத்தைப் போட்டாள். வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆப்பில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் அக்கா எழுதிய வாசகம் வந்தது. உங்க காசு உங்ககிட்டயே இருக்குதுங்க.

அந்தப் பெண் பயந்துபோய் மாமனார் முகத்தைப் பார்த்தாள். அக்கா குனிந்து எதையோ தட்டினார். பணம் வந்துவிட்டது என்று கேட்வேயிலிருந்து நம் ஆப்புக்குத் தகவல் வர ஒரு முகவரி கொடுத்திருப்போம். அது பழைய, சோதனைக்கால முகவரியாகவே இருந்திருக்கிறது. அதை மாற்றியதும் ஆர்டர் வந்து நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். இனிப்பும் கொடுத்தார்கள்.

வியாபாரியின் சம்சாரம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “காச ஆரு போட்டா என்னங்க? செஞ்சது அந்தக் கைதானுங்களே.” வியாபாரி சட்டென்று திரும்பி அவரை அடக்கினார். அக்கா சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிச்சயமாகக் கேட்டிருக்கும். கையில் வாங்கிய லட்டைத் தின்னாமல் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேனில் திரும்பும்போது நான் வாய் ஓயாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டு வந்தேன். சங்ககிரி தாண்டியதும் அக்கா, “அட்ரஸ மாத்தாம உட்டது நாந்தானே” என்றார். “ஒரு ரூபா போட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்க்கா” என்றேன். “இனிமே கேட்வே வேலைய வேற ஆருக்காச்சும் குடுக்கச் சொல்லீர்றேன் சார்கிட்ட” என்றார். சொன்னபடியே செய்தார். சாரும் சரி என்றுவிட்டார். எனக்கு அந்த ஆபீஸே வெறுத்துப்போயிற்று.

அந்தப் புடவை ஆப் நன்றாகத்தான் ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது. அந்த அம்மாள் சொன்னது போலச் செய்த கை அக்காவுடைய கைதான். கடை ஓடிய பிறகு அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அக்கா கொஞ்ச காலத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போய்விட்டார். நானும் விலகினேன். என் தங்கை நன்றாகத் தைப்பாள். அவளைச் சேர்த்துக்கொண்டு, கைக்குழந்தைகளுக்கு மெல்லிய பருத்தித் துணியில் ஜபலாச் சட்டை தைத்து விற்கலாம் என்று ஆரம்பித்தேன். இருந்த நகையை அடகு வைத்து முதல் போட்டோம். விற்கிற ஆப்பை நானே செய்தேன். பணம் கட்டும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

ஒரு வாரம் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். பழைய அக்கா. “இப்படிப் பண்ணி வெச்சா சனங்க காசு ஆத்தோட போயிரும் அம்மிணி” என்று திட்டினார். பணம் போகாவிட்டால் வருகிற வாசகத்தைத் தானே எழுதித் தந்தார். ஆர்டர்கள் வந்து சேரும் பக்கத்தை அவரும் பார்க்கும்படி திறந்துவிட்டிருந்தேன். கடையைத் திறப்பதற்கு முன்னால் நிஜப் பணம் போட்டுப் பார்க்க அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கடையின் லிங்கை அவருக்கு மட்டும் அனுப்பினேன். தங்கையிடம்கூடச் சொல்லிவிட்டேன், அக்கா வாங்கும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று.

அன்றைக்கு வாங்கவில்லை. மறுநாளும் இல்லை. “போணி ஆச்சுங்களா அம்மிணி?” என்று போன் மட்டும் வந்தது.

“உங்களுக்காகத்தான் காத்திருக்கறேன்” என்றேன்.

“ஆவட்டும், ஆவட்டும்” என்று வைத்துவிட்டார்.

நானும் விடவில்லை. பிடிவாதம் எனக்கும் உண்டு. தைத்து மடித்த துணியெல்லாம் அலமாரியில் இருந்தது. அடகுக்கடை வட்டி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை என்னைத் திட்டித் தீர்த்தாள். அக்கா ஒரு சட்டை வாங்கிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். தினமும் போன் செய்வார், தெரியாதவர் போலப் போணி ஆச்சா என்று கேட்பார், நான் அதே பதிலைச் சொல்வேன். ஒரு நாள் அவர் போனை வைக்கவில்லை.

“சாமி, அந்த லிங்க வேற ஆருக்காச்சும் மொதல்ல குடு” என்றார். “பச்சப் புள்ளைங்களுக்குப் போடற துணி. நான் மொதல்ல வாங்க மாட்டேன். எனக்கு வாங்கோணும்னு ஆசையா இருக்குது. நீ ஆருக்கும் குடுக்காம வெச்சிருந்தா நான் எப்படி வாங்கறது?”

சரிங்க்கா என்று மட்டும் சொன்னேன்.

ராசிபுரத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு லிங்கை அனுப்பினேன். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. உடனே ஒரு ஜபலா வாங்கினாள். அந்த ஆர்டரைத் திறந்து அவள் விலாசத்தைக்கூட நான் படித்து முடிக்கவில்லை, அதற்குள் இரண்டாவது ஆர்டர் வந்துவிட்டது. பிறந்த குழந்தையிலிருந்து ஒரு வயதுக் குழந்தை வரை எல்லா அளவிலும், எல்லா நிறத்திலும் ஒவ்வொன்று. அக்கா பெயர், அக்கா வீட்டு விலாசம். ஆர்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் முதலில் வாங்கிவிட மாட்டார்களா என்று பார்த்தபடியே அவர் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்திருக்கிறார்.